காவி யென்னுஞ் சொல்

திருநீர்மலைச் சாரலில் வாழும் அன்பரொருவர், காவி யென்பது காஷாயம் என்னும் வடசொல்லின் சிதைவென்று கூறும் கட்டுரை யொன்றை எமக்கு விடுத்து, அது பொருந்துமோ வென வினவினர். உயிரைக் காத்து வீடளிப்பது காவி யென மற்றொரு விளக்கமும் அக்கட்டுரையில் உளது. இரண்டும் ஆராயத்தக்கன.

வடமொழி ஷகரம் தமிழில் வருங்கால் பெரும்பாலும் டகரமாகும். வேஷம் வேடமென்றும், பாஷை பாடையென்றும், புருஷன் புருடனென்றும் வந்தவாறு காண்க. அது வகரமாதற்கு விதியில்லை. அன்றியும், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய இனமொழிகளும் இச்செங்கல்லைக் காவி யென்றே வழங்குகின்றன.

பொருளும் வேறு. கஷாயம் என்பது துவர்ப்பு. துவர்நீரில் தோய்த்த ஆடை காஷாயம். இதற்கு நேராய தமிழ்ச்சொல் துவர் என்பதே. சுவையையும் செந்நிறத்தையும் அதுவும் ஒருங்கே உணர்த்துதல் அறிந்து மகிழற்பாலது. தேவாரம் தேரரைத் துவராடையராகக் கூறுதலும் நோக்குக. காவியோ இரும்பின் துருவாற் சிவந்த மட்கல். மலையிற் பிறத்தலின் வடநூலார் அதனைக் கைரிகம் என்பர். முல்லைப்பாட்டு முக்கோலந்தணனது ஆடையைக் கல்லிலே தோய்த்ததென்று கூறும். அக்கல் காவிக்கல்லென்பது உரை. ஆகவே துவரும் கல்லும் இருவேறு சாயங்கள். நிறத்தின் ஒப்புமையே அவற்றின் பெயர்களை மயங்கச் செய்தது.

திருக்கோவையாரின் முதற்செய்யுளில் வரும் காவியோ கருங்குவளை. தலைவியின் கண்ணைக் குறிப்பது. அம்மலரால் இக்கல் பெயர் பெற்றதெனின், கருமலர் செங்கல்லுக்குப் பெயராமாறு எங்ஙனம்? ஒலியொத்த இருசொல்லெனக் கோடலே நேரிது.

இனி இரண்டாம் விளக்கம். முதலெழுத்தைக் காத்தலுக்கும் ஈற்றெழுத்தை வீட்டிற்கும் ஆக்கின், எச்சொல்லையும் எப்பொருளிலும் நிறுத்தலாம். கோயின்மதிலிற் பட்டை தீட்டுவதும், வாயிற்கோலத்திற்குக் கரையிடுவதும் இக்காவியே. கடையில் விற்கும் கட்டியெல்லாம் வீடளிக்குமோ? சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரம் மெய்யடியார் வேடத்தை அரனெனவே தொழுமாறு பணிக்கின்றது. அவ்வேடம் தொழப்படுவது அடியாரது நேயத்தின் மிகுதி பற்றியேயன்றிச் சாயத்தின் பெயர் பற்றியன்று.

அக்கட்டுரையாளர்தம் அன்பினை யாம் இகழ்கின்றிலேம். ஆயினும் அன்பு மெய்யாயின் அதற்குப் பொய்யான சொற்பிரிப்புத் துணையாக வேண்டுவதின்று. பிழையான விளக்கத்தின்மேல் நிறுத்திய பெருமை, பிறரொருவர் வினவிய அன்றே சரியும். அப்பொழுது நகைக்கப்படுவது சொல்லன்று, நம் சமயமே. அன்பர் இதனை உன்னுவாராக.