'நல்ல நரம்பு டாக்டர் யாரு?'

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் பாதி வேலை குனிந்துதான் நடக்கும். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றணும், காய்ந்த சரக்கைப் பலகையோடு தூக்கிச் சூளைக்குக் கொண்டு போகணும். இடுப்பு பிடித்து வலி காலுக்கு இறங்கினால் எல்லாரும் கேட்பது, "நல்ல நரம்பு டாக்டர் யாரு?" பதிலாக ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை நம்பி ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறுவார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை.

முதலில் அந்தச் சொல். நம் பேச்சில் ரத்தக்குழாயும் நரம்பு, தசைநாணும் நரம்பு. சுவரொட்டியில் வரும் 'நரம்புத் தளர்ச்சி' வேறு சங்கதி. மருத்துவத்திலோ நியூராலஜிஸ்ட் மருந்தால் பார்ப்பவர், நியூரோசர்ஜன் அறுவை செய்பவர். முதுகெலும்பை அறுவை செய்யும் எலும்பு டாக்டர்களும் உண்டு. இரண்டு பாதமும் எரிந்து மரத்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்கணும். அதற்குப் பொது மருத்துவரே போதும்.

அடுத்தது ஸ்கேன். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதனால் 'டிஸ்க் பிதுக்கம்' என்று ரிப்போர்ட்டில் இருந்தாலே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஆபரேஷன் தேதி குறிப்பவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

பெயரைவிட, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வலி எந்த வழியாக இறங்குது என்று கேட்கிறாரா? படுக்க வைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கிப் பார்க்கிறாரா? கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, மேலே தூக்கச் சொல்கிறாரா? முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் சுத்தியலால் தட்டுகிறாரா? எந்த நரம்பு நசுங்குது என்பதை இதிலேயே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஸ்கேன் அதை உறுதி செய்யத்தான். கால் பலம் குறையாதவரை, டிஸ்க்கால் வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே தணியும். அதையும் சொல்பவர்தான் விஷயம் தெரிந்தவர்.

ஒன்றுக்கு மட்டும் டாக்டர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, இரண்டு காலும் வலுவிழந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகணும். சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைதான் அதற்குச் சரி. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.