இறுகிப்போன நட்டு

மோட்டார் வண்டியின் அடியில் புகைக்குழாயைத் தாங்கி நிற்கும் நட்டுகள், மழைத் தண்ணீரையும் எஞ்சினின் உஷ்ணத்தையும் வருஷக்கணக்கில் மாறி மாறி ஏற்று, துருவேறி, போல்ட்டோடு ஏகமாய்ப் பிணைந்துவிட்ட பிறகு, அவற்றைச் சேதமின்றிக் கழற்றும் வித்தையின் நயத்தை நாம் போதிய அளவு ரசிப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. புதுப்பேட்டைப் பட்டறைகளில் கைதேர்ந்த மெக்கானிக் எவரும் எடுத்த எடுப்பில் ஸ்பானரைப் போட்டு இழுப்பதில்லை. கம்பி பிரஷ்ஷால் செம்பொடியைத் தேய்த்து உதிர்த்து, மரையில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக ஊறவிட்டு, நட்டின் 6 பட்டைகளையும் சிறு சுத்தியலால் நிதானமாகத் தட்டிக்கொடுத்து, அந்த நாதம் மாறுகிறதா என்று செவி சாய்க்கிறார். பட்டை மழுங்கிவிட்டால் பிடிமானமே போய்விடும் அல்லவா?

அதற்கும் இசையாத நட்டை, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தபின், செக்கச்செவேலென்று காய்ச்சுகிறார். உஷ்ணத்தில் அது சற்றே விரிய, இடுக்கில் கெட்டித்திருந்த துரு பிளந்து, ‘கிறீச்’ என்று ஓர் ஒலி பிறக்கிறது. போல்ட் முறியப்போகும் ஓசைக்கும் நட்டு இளகும் ஓசைக்கும் உள்ள சூக்ஷ்மமான பேதத்தை அவர் காதுக்கு முன்பே மணிக்கட்டு அறிந்துகொள்கிறது. அந்த ஞானம்தான் எனக்குப் பேராச்சரியம். அப்போதும் அவசரமில்லை: கால் சுற்றுத் தளர்த்தி, அதில் பாதி திரும்ப முடுக்கி, மறுபடி தளர்த்தி, மரையில் சிக்கிய பொடியை வெளியேற்றியவாறே நட்டை விரலால் சுழற்றும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.