கூரைக்கு வெளியே: ஃபேஷன் படங்களின் வழிகளும் தரமும்

நம் புகைப்படச் சங்கத்தின் மலர்க் குழுவினர் கேட்டது அவுட்டோர் ஃபேஷன் படங்களின் பரம்பரை பற்றி. புகைப்படக் கலைஞர் முன்காச்சி 1933இல் லாங் ஐலண்ட் கடற்கரையில் மாடலை ஓடவிட்டு எடுத்த படம் சங்க உறுப்பினர்களுக்குப் பாலபாடம். ஆகவே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்துக்கே வந்துவிடலாம்.

புகைப்படக் கலைஞர் அவிடனின் வழியினருக்கு நகரமே நாடக மேடை. 1955இல் பாரிஸின் சிர்க் டிவேர் சர்க்கஸ் கூடத்தில், டியோர் கவுனில் மாடல் டொவிமாவை யானைகளுக்கு நடுவே அவிடன் நிறுத்தியதுதான் அதன் உச்சம். கூரைக்கு அடியில் எடுத்ததை அவுட்டோர் கணக்கில் சேர்க்கலாமா என்று சங்கத்தில் நடந்த வாக்குவாதம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். லூயிஸ் டால்-வுல்ஃப் வழியினர் வெயிலையும் நிறத்தையும் நம்பியவர்கள். ஃபிராங்க் ஹார்வட் லைக்கா கேமராவோடு தெருவில் இறங்கினார். வில்லியம் கிளைன் 1960இல் ரோமின் பியாட்சா தி ஸ்பான்யாவில், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சாலையில் கறுப்பு வெள்ளை உடைகளை நடக்கவிட்டு, தூரத்தில் நின்று டெலி லென்ஸில் பிடித்தார். மேதைதான், ஆனால் உடை வாங்க வந்தவர் பார்ப்பது உடையையா, கிளைனையா?

இக்கட்டுரையாளரின் ஆசான் நார்மன் பார்க்கின்சன் வழி வந்தவர். ஆசானின் பெயரை இங்கே சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சங்கத்து இருட்டறையில் கை நனைத்தவர்கள் எல்லோரும் அவரிடம் திட்டு வாங்கியவர்களே. பார்க்கின்சன் போர்க்காலத்தில் விவசாயமும் பார்த்தவர். மனைவி வெண்டாவையே மாடலாக்கி, தென்னாப்பிரிக்காவில் தீக்கோழி மீது உட்காரவைத்தவர். 1956இல் பிரிட்டிஷ் வோக் இதழுக்காக இந்தியா வந்து, ஜெய்ப்பூரில் இளஞ்சிவப்பு மோஹேர் கோட்டு போட்ட மாடல் ஆன் கன்னிங்கை, அலங்கரித்த யானையின் பக்கத்தில் நிறுத்தினார். இந்த ஒரு படத்தை வைத்தே ஆசான் மாதக்கணக்கில் பாடம் நடத்துவார். கட்டைவிரலால் கோட்டை மறைக்கச் சொல்வார்: ஊர் இன்னும் தெரிகிறதா? பிறகு ஊரை மறைக்கச் சொல்வார்: கோட்டு அநாதையாகிவிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அது அவுட்டோர் படம்.

இந்தச் சோதனையில் இன்று எத்தனை படங்கள் தேறும்? யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இளைஞர்களின் உழைப்பிலும் குறை இல்லை. ஆனாலும் விமானம் ஏறி ஓர் ஊருக்குப் போய், லென்ஸை எஃப் 1.2இல் முழுக்கத் திறந்து, பின்னணியில் உள்ள கோட்டையையும் கோபுரத்தையும் மங்கலாக்கிக் கூழாக்கிக் கொண்டுவருவதற்குப் பயணச் செலவு எதற்கு? மொட்டைமாடியிலேயே எடுத்திருக்கலாமே! அதுகூடப் போகட்டும். கணினியில் வானத்தையே மாற்றுகிறார்கள். சங்கத்தின் சென்ற சலோன் போட்டியில் ஒரே மேகம் மூன்று வெவ்வேறு ஊர்களின் மேல் நின்றது; அதில் ஒன்றுக்குப் பதக்கமும் கிடைத்தது. நிழல் இடப்பக்கம், சூரியனும் இடப்பக்கம்! நடுவர்கள் மரியாதைக்குரியவர்கள், பெரியவர்கள். அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் நிழல் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் பதக்கம், அவர்கள் நாளை நடுவர்கள், அவர்களிடம் பயிலப்போகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

வானம் மாற்றிய படங்களைத் தனிப் பிரிவில் வைக்கவேண்டும் என்ற தீர்மானம் சங்கத்தின் இரண்டு பொதுக்குழுக் கூட்டங்களாகக் கிடப்பில் கிடக்கிறது. சங்கத் தலைவர் அவர்கள் இந்த முறையாவது அதை நிகழ்ச்சி நிரலில், தேநீர் இடைவேளைக்கு முன்பு, சேர்க்க வேண்டும்.