பறித்த நாள் எது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மதுவின் நயம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனாலும் ஒயினைப் பற்றிப் பேசத் திருக்கோவிலூருக்கு ஒரு பாத்தியதை உண்டு. இங்கே கபிலர் குன்றைத் தொட்டுக்கொண்டு ஓடும் தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்து நந்தி மலையில். அந்த மலையடிவாரத்தில், தொட்டபள்ளாபூர் பக்கம், 1980களில் குரோவர் குடும்பத்தார் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை நட்டார்கள். பின்னால் பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த ஒயின் வல்லுநர் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். ஆற்றின் தலைமாட்டில் திராட்சை, நம் பக்கம் கரும்பு. இரண்டிலும் பதம் தப்பினால் காரியம் கெட்டது.

ஒயின்காரர்கள் பதத்தைச் ‘சமநிலை’ என்பார்கள். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு ஆகிய நான்கில் எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நல்ல ரசம் குடிக்கிறவர் புளி இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதில்லையே, அப்படி. சொல்வது சுலபம், திராட்சை ஒத்துழைக்காது. பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். 240 கிராம் இருந்தால் 14 சதவீதம் வந்துவிடும். பழத்திலுள்ள இரண்டு முக்கிய அமிலங்களில் டார்டாரிக் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாலிக்கை வெயில் தின்றுவிடும், இரவும் வெக்கையாக இருந்தால் இன்னும் வேகமாக. நம்மைப் போன்ற சூட்டு நாட்டின் தலைவலி இதுதான். சர்க்கரை தயார், புளிப்பு போய்விட்டது, ஆனால் விதையைக் கடித்தால் இன்னும் காய்த் துவர்ப்பு. சர்க்கரை சொல்லும் நாளில் பறிப்பதா, விதை சொல்லும் நாளில் பறிப்பதா?

எந்த நாளில் பறித்தாலும் ஏதாவது குறையும். அதை ஆலைக்குள் சரிக்கட்டுகிறார்கள். புளிப்பு போதாவிட்டால் லிட்டருக்கு ஓரிரு கிராம் டார்டாரிக் அமிலம். குளிர்நாட்டில் இனிப்பு போதாவிட்டால் நொதிக்கும் முன் சர்க்கரை. நெப்போலியனிடம் உள்துறை அமைச்சராக இருந்த வேதியியலாளர் சப்தாலின் பெயராலேயே அந்த முறை இன்றும் வழங்குகிறது. துவர்ப்பு மிஞ்சினால் முட்டை வெள்ளைக்கருவை விட்டு அடியில் படிய வைப்பார்கள். ஆல்கஹால் மிஞ்சினால் அதை வடித்தெடுக்க இயந்திரம் இருக்கிறது.

இதைக் கேட்டதும் ‘கலப்படம்’ என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கரும்பாலைக் கொப்பரை அருகே நின்றவர்களுக்கு விஷயம் புரியும். கொதிக்கிற சாற்றில் சுண்ணாம்புத் தெளிவு விடுகிறார்களே, அதுவும் புளிப்பைச் சரிக்கட்டும் வேலைதான். குறைந்தால் வெல்லம் கட்டாமல் பிசுபிசுக்கும், கூடினால் கறுத்துப்போகும். அகப்பையில் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் இறக்குவார்கள். சுண்ணாம்பு போட்டதால் யாரும் அந்த வெல்லத்தைப் போலி என்பதில்லை. ஒயினிலும் அமிலம் நாக்குக்கு மட்டும் உரியதல்ல. புளிப்பு குறைந்த ஒயினில் கிருமி எளிதில் குடியேறும், கெடாமல் காக்கப் போடும் கந்தகமும் சரியாக வேலை செய்யாது. ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்குக்காரருக்கு இயற்கையே புளிப்பை அள்ளிக் கொடுக்கிறது. அவர் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைத்து, எட்டு சதவீத ஆல்கஹாலில் அழகான ஒயின் செய்துவிடுவார். மகாராஷ்டிரத்து நாசிக்கில் பிப்ரவரி, மார்ச் வெயிலில் பறிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் அமிலம் சேர்ப்பது குற்றமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வெட்டிப் போட்ட கரும்பை நாலு நாள் கழித்து ஆலைக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு சுண்ணாம்பு விட்டாலும் வெல்லம் கட்டாது. திராட்சைக்கும் அந்த எல்லை உண்டு, ஆனால் ஒயினில் அதை மறைக்க வழிகள் அதிகம். பழம் முற்றிப்போகட்டும் என்று விட்டு, பிறகு அமிலத்தைக் கொட்டி, புது ஓக் பீப்பாயில் வைத்து வனிலா வாசனை ஏற்றி, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் இனிப்பை மிச்சம் வைத்தால், முதல் வாய்க்குக் குறையே தெரியாது. சேர்த்த புளிப்பு பழத்தோடு ஒட்டாமல் நாக்கின் ஓரத்தில் தனியாகக் கூசுவது இரண்டாவது குவளையில்தான் தெரியும். ஒரு நாளில் பல டஜன் ஒயின்களை வாயில் ஊற்றித் துப்பும் நடுவர்கள் இரண்டாவது குவளை வரை போவதில்லை. கனத்த ஒயின்கள் மதிப்பெண் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், குடித்து மகிழ்ந்த வேளையில் தேரைத் தானம் கொடுப்பது யாருக்கும் எளிது, காரியோ தெளிவாக இருக்கும்போதே கொடுத்தான் என்கிறார் (புறநானூறு 123). மதிப்பெண் தானத்துக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

இந்தக் கனத்துக்கு எதிராக அமெரிக்காவில் ஒரு கலகம் கிளம்பியது. கொல்கத்தாவில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் பெயர் பெற்ற ஒயின் வல்லுநர் ரஜத் பார், 2011-இல் ஜாஸ்மின் ஹிர்ஷோடு சேர்ந்து ‘சமநிலையைத் தேடி’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு குழுவைத் தொடங்கினார். தன் உணவகத்தில் 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பினோ நுவார் ரகச் சிவப்பு ஒயினை வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவந்தார். அதே ஆண்டு ஒரு ஒயின் கூட்டத்தில் ஆடம் லீ என்ற உற்பத்தியாளர் தன் இரண்டு பினோ நுவார்களின் சீட்டுகளை ரகசியமாக மாற்றி ஒட்டிவிட்டார். பார் ருசித்துவிட்டு, மென்மையானது என்று நினைத்து ஒன்றை வாங்கக் கேட்டார். அதில் இருந்தது 15 சதவீதத்துக்கு மேல்! பலருக்கு இது பாரை மடக்கிய கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நாக்கு சரியாகத்தான் சொன்னது. தப்பு செய்தது அவர் போட்ட எண். பதத்தை ஒற்றை எண்ணில் அடைத்தால் இப்படித்தான் ஆகும். 13 சதவீதத்தில் பச்சைக் காயாகக் கசக்கும் ஒயினும் உண்டு, 15-இல் அடங்கி நிற்கும் ஒயினும் உண்டு. அந்தக் குழு 2016-இல் கடையைக் கட்டியது.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். எதுவும் துருத்தக் கூடாது என்று எல்லா முனையையும் மழுக்கினால், கடைசியில் எந்த ஊர் ஒயினும் ஒரே மாதிரி ஆகிவிடும். உலகம் முழுக்க ஆலோசனை சொன்ன ரோலானின் மேலும் இந்தப் புகார் உண்டு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாப்பிடும் பழம்தான், ஆனால் அதற்கென்று ஒரு தனி வாசனை உண்டு. நாளை யாராவது அதில் நல்ல ஒயின் செய்ய முனைந்தால், பிரெஞ்சுக் கேபர்னே ரகம் போல ஆக்கப் பார்க்காமல், அந்த வாசனை கொஞ்சம் துருத்தியே நிற்கட்டும் என்று விடுவதுதான் சரி.

ஆலையில் திருத்துவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தோட்டத்தில் தவறவிட்ட நாளுக்கு அதை ஈடாக்குவதை ஏற்கவில்லை. எது நடந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு உருவாகும் ஒயினுக்குச் சேர்மானப் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கிவிட்டது; சேர்த்த அமிலமும் அதில் வரும். நந்தி மலைக்காரர்களிடமும் நாசிக்காரர்களிடமும் நான் கேட்பது அதற்கு மேல் ஒரே ஒரு வரி: புட்டிச் சீட்டில் பழம் பறித்த தேதியைப் போடுங்கள்.