கடைமடை இல்லாத தோட்டம்: ‘டெலிகார்டன்’ படைப்பைக் காவிரிப் படுகையிலிருந்து வாசித்தல்

உயிருள்ள செடிகள், எந்திரக் கை, இணையம் ஆகிய மூன்றையும் இணைத்த கூட்டுக் கலைப்படைப்புகளுள் முன்னோடியாகக் கருதத்தக்கது ‘டெலிகார்டன்’. கென் கோல்ட்பர்க், ஜோசப் சான்டரோமானா ஆகியோரின் குழு இதனை 1995-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அமைத்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலுள்ள ஆர்ஸ் எலக்ட்ரானிகா மையத்துக்கு மாற்றப்பட்டு, 2004 வரை இயங்கியது. வட்டமான மண்தொட்டியின் நடுவே தொழிற்சாலை எந்திரக் கை ஒன்று. அதன் முனையில் கேமரா. பதிவுசெய்த எவரும் தம் ஊரிலிருந்தே திரையில் சொடுக்கித் தண்ணீர் விடலாம். ஆனால் விதை ஊன்றும் உரிமை, பலமுறை வந்து தோட்டத்தைப் பேணியவர்க்கே கிட்டியது. புள்ளி சேர்த்து அடுத்த நிலைக்கு ஏறும் விளையாட்டு விதியே இது.

திரையில் தெரியும் தோட்டம் உண்மையிலேயே இருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவைச் சுற்றியே இப்படைப்பு பற்றிய விவாதம் பெரிதும் அமைந்தது. கோல்ட்பர்க் தொகுத்த ‘தி ரோபாட் இன் தி கார்டன்’ (2000) என்னும் நூலும் அவ்வழியினதே. தஞ்சைப் பகுதி வாசகருக்கோ அதற்கு முன்பே வேறொரு வினா எழும்: விட்ட தண்ணீர் யாருடைய பங்கு?

மேட்டூர் அணை மரபாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. அந்நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வயலுக்கும் செல்கிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் முறைவைத்து விடுவர். தலைமடையில் மடை ஒருநாள் கூடுதலாகத் திறந்திருந்தால் கடைமடையில் பயிர் காயும். பேராவூரணியிலும் வேதாரண்யத்திலும் பருவந்தோறும் இந்த அச்சம் உண்டு. மடை திறந்தவரும் பயிர் காய்ந்தவரும் ஒருவரையொருவர் கண்டிருக்கவும் மாட்டார். தொலைவிலிருந்து ஒருவர் பயிரைப் பாதிப்பது இங்குப் பழஞ்செய்தி. அதற்குக் கணினி தேவைப்பட்டதில்லை.

டெலிகார்டனில் இருப்பது தலைமடை மட்டுமே. ஒருவர் எடுத்ததால் மற்றவர்க்குத் தண்ணீர் இல்லாமற்போவதில்லை. மிகுதியாகப் பயன்படுத்தியவர்க்கு மேலும் உரிமை தரும் அதன் விதி, மிகுதியாக மடை திறந்தவர்க்கு இன்னும் ஒரு வேலி நிலம் தருவதற்கு ஒப்பானது. உறுப்பினர்கள் தம்முள் உரையாடவும் இடமிருந்தது. அதனால் ஒரு சமூகம் உருவானதை மறுப்பதற்கில்லை. எனினும் இல்லாமையைப் பங்கிட வேண்டிய நிலை அச்சமூகத்துக்கு நேரவில்லை. இக்குறை இப்படைப்புக்கு மட்டும் உரியதன்று. ‘சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்’ (2020) என்னும் ஜப்பானியக் கணினி விளையாட்டு, நெல் வேளாண்மையை வியக்கத்தக்க நுட்பத்துடன் அமைத்துள்ளது, விளையாடியோர் அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைத் துணைக்கொள்ளும் அளவுக்கு. ஆயினும் நீர் திறப்பதும் அடைப்பதும் ஒரே கையில் உள்ளன. அண்டை வயல் இல்லை.

காவிரிப் படுகையில் இத்தகைய படைப்பொன்றை அமைக்க முனைவோர், எந்திரக் கைக்கு முன்னரே முறைப்பட்டியலை வகுக்க வேண்டியிருக்கும்: தொட்டியில் அளவான நீர், முறை தவறினால் வறளும் கடைசிப் பாத்தி, அப்பாத்தியை எல்லோர் திரையிலும் காட்டும் ஒரு கேமரா.