பசுவிடம் கணக்குக் கேட்கும் பண்ணை

இறைச்சி மாட்டினங்களை உருவாக்கிய அமெரிக்கக் குடும்பங்களில் லேசட்டர் குடும்பம் போலப் பிடிவாதமானது அரிது. டெக்சாஸின் ஃபல்ஃபூரியாஸில் எட் லேசட்டர் 1908இல் பிராமன் காளைகளைக் கொண்டுவந்தார். நம் கிர், காங்ரேஜ், ஓங்கோல் மாடுகளின் வழிவந்த திமில் இனம் அது. 1930இல் அவர் மறைந்தபின் பண்ணையை ஏற்ற மகன் டாம், பிராமனோடு ஹியர்ஃபோர்டையும் ஷார்ட்ஹார்னையும் கலந்தார். 1937க்குப் பிறகு வெளி மாடு எதையும் மந்தையில் சேர்க்கவில்லை. பிற்பாடு கொலராடோவுக்குக் குடிபெயர்ந்த அந்த மந்தையை 1954இல் அமெரிக்க வேளாண் துறை ‘பீஃப்மாஸ்டர்’ என்ற தனி இனமாக ஏற்றது.

டாம் பார்த்தவை ஆறுதான்: சாதுவான குணம், சினைபிடிக்கும் திறன், எடை, உடலமைப்பு, தாக்குப்பிடிக்கும் வலு, பால். கிடாரி இரண்டு வயதில் ஈன வேண்டும். அதன்பின் ஆண்டுக்கொரு கன்றைத் தானே வளர்த்துக் கொடுக்க வேண்டும். தவறினால் கழிவுதான், சலுகை இல்லை. காளைகளை மந்தையோடு விடுவதும் சில வாரங்களுக்கு மட்டுமே.

இந்தக் கண்டிப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கண்காட்சி நடுவரின் கண்மதிப்பை நம்பியிருந்த காலத்தில், தீர்ப்புச் சொல்லும் வேலையை வறண்ட மேய்ச்சல் நிலத்திடம் விட்டவர் அவர். சினைபிடிக்காத பசுவுக்கு வம்சாவளிப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? தீனிச்செலவு உரிமையாளருடையது.

ஆனால் இந்த முறையின் மையத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சினைபிடிக்கும் திறன் பெரும்பாலும் தீனியையும் சூழலையும் சார்ந்தது. தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் பங்கு மிகக் குறைவு; எடையில் அந்தப் பங்கு கணிசம். ஆகவே மலட்டுப் பசுவைக் கழித்தால் இந்த ஆண்டுச் செலவு உடனே குறையும்; அடுத்த தலைமுறை மெல்லத்தான் தேறும். மூன்று இனங்களைக் கலந்ததால் வந்த கலப்பு வீரியமும் பசுக்களின் கருவளத்தைத் தூக்கியிருக்கும். வெற்றி முழுவதையும் கழித்தலின் கணக்கில் எழுதுவது சரியல்ல.

நிறம் விலையைத் தொடாது என்ற டாமின் கொள்கையைச் சந்தை பொய்யாக்கிவிட்டது. 1978இல் தொடங்கிய ‘சர்ட்டிஃபைட் ஆங்கஸ் பீஃப்’ என்ற இறைச்சித் தரமுத்திரைத் திட்டம் பெரும்பகுதி கறுப்பான தோலைக் கேட்கிறது. கழுத்துத் திமில் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் தள்ளிவிடுகிறது. இறைச்சியில் கொழுப்பு இழையோடுவதற்கு ஆறு குணங்களில் தனி இடமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாட்டை வளர்ப்பவனின் செலவை அறிந்த அளவுக்கு, உண்பவனின் நாக்கை அந்தப் பட்டியல் அறியவில்லை.

இன்னொன்று, ஒரே மந்தையில் பல காளைகளை விடும் வழக்கம். எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்று தெரியாததால் சிறந்த காளையை அடையாளம் காண்பது கடினம். அதே வழக்கம்தான் மூடிய மந்தையில் உறவுக்கலப்பை மெதுவாக்கிக் காப்பாற்றியும் வந்திருக்கிறது. பெரிய பண்ணைக்கு இது கட்டுப்படியாகும். முப்பது பசுவும் ஒரு காளையும் வைத்திருப்பவர் கதவை மூடினால் அடுத்த தலைமுறையிலேயே மகளைத் தகப்பனோடு சேர்க்க நேரும். இப்போது ரோமத்தைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனை தகப்பனைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறு பண்ணைக்கு அது போதாது. வெளியிலிருந்து காளை வந்தே ஆக வேண்டும்.