கமாவைக் கேட்ட காதுகள்

நம் பியானோ டியூனிங் மரபுகளைப் பற்றி ஆண்டு விழா மலருக்கு எழுதித் தரும்படி சபைச் செயலாளர் மூன்று முறை போனில் கேட்டுவிட்டார். மூத்தவர்கள் இருக்கும்போது நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர்களில் பலருக்குக் கண் மங்கிவிட்டது, காது மட்டும் பழையபடி இருக்கிறது என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கமா என்றால் என்ன என்று நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுத்தமான ஃபிஃப்தாகப் பன்னிரண்டு ஏறினால் ஏழு ஆக்டேவைத் தாண்டி 23.46 செண்ட் மிஞ்சும். அது பித்தகோரஸ் கமா. நான்கு ஃபிஃப்த் ஏறிப் பிடித்த தேர்ட், சுத்தமான தேர்டைவிட 21.5 செண்ட் உயர்ந்து நிற்கும். அது சின்டானிக் கமா. கர்நாடக சங்கீத நண்பர்கள் பிரமாண சுருதி என்கிற அதே 81/80. அரை ஸ்வரத்தில் கால் பங்குகூட வராத இந்தத் துக்கடாவை எங்கே ஒளிப்பது என்றுதான் ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை.

பியெத்ரோ ஆரன் 1523-இல் எழுதிவைத்த வழியில் ஃபிஃப்த் ஒவ்வொன்றிலும் கால் கமா குறைப்பார்கள். தேர்ட் தேனாக இருக்கும். கடன் மொத்தமும் ஜி ஷார்ப்–ஈ ஃபிளாட்டின் தலையில் விழும். 'ஓநாய்' என்று பெயர் வாங்கியது அதுதான். 1691-இல் வெர்க்மைஸ்டர் கமாவை நான்கு ஃபிஃப்த்களுக்குள் பங்கு போட்டு, மீதி எட்டையும் சுத்தமாக விட்டார். பாக்கின் 1722-ஆம் ஆண்டு நூல் எந்தச் சுருதிக்கு எழுதப்பட்டது என்ற வழக்கில் நான் இறங்கப் போவதில்லை. போன பொதுக்குழுவில் பட்டது போதும். கடைசியில் வென்றது சமப் பகிர்வு: பன்னிரண்டு ஃபிஃப்துக்கும் ஆளுக்கு இரண்டு செண்ட் நஷ்டம். ஓநாய் போயிற்று. ஆனால் தேர்டுகள் எல்லாமே 14 செண்ட் வீங்கிக்கொண்டன.

இந்தச் சமப் பகிர்வைக் காதால் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர், சி ஃபோர்க்கிலிருந்து தொடங்குகிற கட்சி. ஏ ஃபோர்க் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்; எஃப்–ஏ தேர்டில் நொடிக்கு ஏழு பீட் வைத்து ஆரம்பிக்கிற உங்கள் வழியும் நல்ல வழிதான், பொறுமை குறைந்தவர்களுக்கு. மாஸ்டர் ஃபிஃப்தும் ஃபோர்த்துமாகவே வட்டத்தை முடிப்பார். நடு சி-க்குக் கீழே ஏ–ஈ ஃபிஃப்த் நாலு நொடிக்கு மூன்று முறை அசைய வேண்டும். அந்த அசைவைக் கேட்கவே எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

பரீட்சை இப்படி நடக்கும். அவர் கையில் சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. நொடிக்கு ஐந்து 'டிக்'. அதைக் கழற்றி என் காதோரம் பிடித்துக்கொண்டு, நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே சி–ஈ தேர்டை அழுத்தச் சொல்வார். சரியாகச் சுருதி சேர்ந்திருந்தால் தேர்டின் பீட் கடிகாரத்தோடு ஒட்டி ஓடும். ஐந்தாறு நொடியில் ஒரே ஒரு அடி முந்தும். அதற்கு மேல் முந்தினால் ஃபெல்ட் பட்டையை மறுபடி செருக வேண்டியதுதான். "கடிகாரம் பொய் சொல்லாது தம்பி, உன் மணிக்கட்டுதான் சொல்லும்" என்பார். ஐப்பசி மழையில் சவுண்ட்போர்டு உப்பிச் சுருதி ஏறும், ஏசி போட்டதும் இறங்கும் என்பதெல்லாம் அவரிடம் சாக்காகாது.

இன்று சிலர் — யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை — பியானோ மேல் போனை நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த பின்னுக்குப் போய்விடுகிறார்கள். நல்ல செயலிகள் கம்பியின் விறைப்பைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன என்கிறார்கள், இருக்கலாம். 1885-இல் செண்ட் கணக்கைக் கொண்டுவந்த எல்லிஸ், அந்நாளைய லண்டனின் தேர்ந்த டியூனர்கள் செய்த வேலையை அளந்தபோது, அச்சு அசலான சமப் பகிர்வு ஒன்றும் தேறவில்லை. அந்தக் குறைக்குள் ஒரு காது இருந்தது. பச்சை விளக்குக்குள் என்ன இருக்கிறது? அந்தப் பியானோவில் படிக்கிற குழந்தைக்கு வீங்கின தேர்டுதான் தேர்ட். அது வளர்ந்து சர்ச் குவாயரில் சேர்ந்து, வாத்தியமே இல்லாமல் பாடும்போதும் 400 செண்டிலேயே பாடுகிறது. டெனர் வரிசை அதைப் பார்த்து ஏறுகிறது. வாசல் மணி, ரயில் நிலைய அறிவிப்பு, கல்யாண மண்டபக் கீபோர்டு எல்லாம் அதே வீக்கம். நாளை தாலாட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். பிள்ளைகள் தூங்காததற்கு டாக்டரிடம் போவார்கள்.

மூத்தவர்கள் மன்னிக்கவும், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன்.

மாஸ்டரின் ஃபோர்க்கை அவர் குடும்பத்தார் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சபை அலமாரிக்குத் தரத் தயார், பூட்டு வாங்கினால். கடிகாரமும் என்னிடம்தான். இந்த ஆண்டு விழாப் பியானோவைச் சுருதி சேர்த்தது யார் என்று செயலாளர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒத்திகையன்று எல்லோரும் காபிக்குப் போனபோது, கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு அந்த சி–ஈயை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். நொடிக்கு ஏழு.